காற்றுக்கு நாடி பார்ப்பவர்

ரொறன்ரோ பெருநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபறோவிலும் அதற்கு வடக்கேயுள்ள மார்க்கத்திலும், சொந்த வீடு வாங்கிச் சில மாரிகாலங்களைக் கடந்துவிட்ட ஈழத்தமிழ்க் குடும்பத் தலைவர்களிடையே ஒரு தனி மாந்தர் வகை உருவாகியுள்ளது. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கும்வரை அவரைக் காற்றுக்கு நாடி பார்ப்பவர் என்று அழைக்கலாம். குடிபூரலுக்கோ பிறந்தநாளுக்கோ ஒரு வீட்டுக்குள் நுழையும் இவர், சப்பாத்தைக் கழற்றிய கையோடு, வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னர் தரையைப் பார்க்கிறார். சன்னலுக்குக் கீழே பதித்த இரும்புக் கம்பிச் சட்டம் கண்ணில் பட்டதும், முழங்காலில் கையூன்றிக் குனிந்து, புறங்கையை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, கண்களைப் பாதி மூடிச் சில நொடிகள் இருந்துவிட்டு, "தம்பி, உமக்குக் காத்து காணாது" என்று தீர்ப்பு வழங்குகிறார். பரிசுப் பொதி அதன் பின்னர்தான் கைமாறும்.

இவர் நாடி பார்க்கும் அந்தச் சட்டமே 'வென்ட்' எனப்படுவது. ஒன்ராறியோவின் தனிவீடுகள் பலவற்றில் சூடும் குளிரும் ஒரே வழியால் வருகின்றன: பேஸ்மென்ட் எனும் நிலக்கீழ்த் தளத்தில் 'ஃபர்னஸ்' என்ற எரிவாயு உலை நிற்க, அதனுள் இருக்கும் 'புளோவர்' என்ற ஊதுவிசிறி, சூடேறிய காற்றைத் தகரக் குழாய்கள் வழியே அறை அறையாகத் தள்ளுகிறது, கோடையில் அதே விசிறி, உலைக்கு மேலே பொருத்திய குளிர்ச்சுருளைக் கடந்துவரும் காற்றை அதே குழாய்களில் அனுப்புகிறது. புரூக்ளின் அச்சகம் ஒன்றின் ஈரப்பதத்தை அடக்குவதற்காக 1902இல் குளிர்சாதன அமைப்பை வகுத்த வில்லிஸ் கேரியரும், எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கும் அமைப்புக்கு 1919இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஆலிஸ் பார்க்கரும், தம் உழைப்பு கடைசியில் நாலாவது படுக்கையறையில் வந்து மூச்சுவாங்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அந்த அறை பல வீடுகளில் கார் நிறுத்தும் கராஜுக்கு மேலே, உலைக்கு மிகத் தொலைவில் அமைவதால், நீண்ட குழாயும் அதன் ஒவ்வொரு வளைவும் காற்றின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட, மாரியில் விறைத்துக் கோடையில் வேகுகிறது. பிள்ளைகளில் யார் கடைசியாகப் பிறந்தாரோ அவருக்கே அந்த அறை ஒதுக்கப்படுவது மரபு.

சித்த மருத்துவர் வாதம், பித்தம், கபம் என மூன்றையும் விரல்நுனியால் அறிவார் என்பர். நம்மவர் வாதம் ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர். வாதம் என்ற சொல்லுக்குக் காற்று என்றும் வழக்காடல் என்றும் இரு பொருள் இருப்பதும், இவர் இரண்டிலும் சம அளவு தேர்ச்சி பெற்றிருப்பதும் தமிழுக்குக் கிடைத்த தற்செயலான வாய்ப்பு. "கூடின நம்பர்தானே திறம்" என்பது தூசி வடிகட்டி பற்றிய இவரது கொள்கை. வடிகட்டியின் நுண்மையைக் குறிக்கும் 'மெர்வ்' எண்களில் 8 போதுமான இடத்தில் 13ஐ வாங்கிச் செருகுவார். 1 அங்குலத் தடிப்புள்ள வடிகட்டி அத்தனை நுண்மையாக இருந்தால் தூசியோடு காற்றையும் மறிக்கக்கூடும் என்பதும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் எந்த எண்ணும் ஒன்றுதான் என்பதும் அக்கொள்கையில் இடம்பெறவில்லை. தாளித்த எண்ணெயாவியும் தரைவிரிப்பின் நூலும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளியாகத் திரண்ட வடிகட்டியை உருவிப் பார்க்கும்போது, அதன் ஓரத்தில் அச்சிட்ட அம்புக்குறி விசிறியை நோக்கியிராமல் எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதும் உண்டு.

ஆனால் இவரது தலையாய மருந்து வேறு. ஆளில்லாத அறைகளின் வென்ட்களை இழுத்துமூடினால் அங்கே போகவேண்டிய காற்று நாலாவது அறைக்குப் போய்விடும் என்று இவர் உறுதியாக நம்புகிறார். இந்நம்பிக்கையின் வேர் யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்தில் இருக்கிறது. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் வாயை அடைத்தால் தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பும். சிறுவயதில் காலால் மண் மிதித்துக் கற்ற இந்தப் பாடம் தண்ணீருக்குப் பிழையற்றது. குழாய்க் காற்றோ இந்தப் பாடத்தைப் பாதி மட்டுமே கேட்கும். ஊதுவிசிறி தாங்கவேண்டிய எதிரழுத்தத்தை, ஒரு நீர்த்தம்பத்தை எவ்வளவு உயர்த்தும் என்ற கணக்கில் அளப்பர். வீட்டு உலைகள் பலவற்றுக்கு 0.5 அங்குல நீர் என்பதே வழக்கமான எல்லை. நாலைந்து வென்ட்களை அடைத்தால் அழுத்தம் அதையும் தாண்டி ஏறி, காற்றில் ஒரு பகுதி குழாய்ப் பொருத்துகளின் இடுக்கு வழியே பேஸ்மென்ட் கூரைக்குள் கசிகிறது. போதிய காற்றோட்டமின்றி உலை அளவுமீறிச் சூடேறினால், காப்பு விசை எரிவாயுவை நிறுத்துகிறது. கோடையிலோ குளிர்ச்சுருள் பனிக்கட்டி பிடிக்கிறது. உண்மையில் மண்வெட்டி வேலைக்கென்றே ஓர் உறுப்பு அங்கு உண்டு: கிளைக்குழாய் பிரியும் இடத்துக்கு அருகில் 'டாம்பர்' என்ற தகடு இருக்கும், அதன் கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. அருகிலுள்ள அறைகளின் தகட்டைக் கொஞ்சமாகத் திருப்பினால் தொலைவிலுள்ள அறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கைப்பிடியில் இவர் குடை மாட்டியிருக்கிறார்.

கசிவு என்றதும் 'டக்ட் டேப்' என்ற சாம்பல் நிற ஒட்டுநாடாவோடு ஏணியில் ஏறிவிடுவார். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மாக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் பலவகை அடைப்புப் பொருள்களைச் சோதித்து, குழாயின் பெயரையே சூடிய அந்தத் துணிநாடாதான் குழாயில் நிலைக்காமல் தோற்கிறது என்று 1998இல் அறிவித்தனர். பொருத்துகளுக்கு ஏற்றவை மாஸ்டிக் எனும் கெட்டிப் பசையும் அதற்கென்றே செய்த உலோகத்தாள் நாடாவும். இவர் வீட்டுப் பேஸ்மென்டில் மூன்று மாரிகளுக்கு முந்திய நாடாக்கள் காய்ந்து சுருண்டு, வௌவால்கள் போல் தலைகீழாகத் தொங்குகின்றன.

இத்தனைக்கும் நடுவே இவர் வாயில் ஒருபோதும் வராத சொல் 'ரிட்டர்ன்'. அறைகளுக்குப் போன காற்று உலைக்குத் திரும்பிவரும் வழி அது. சுவரின் அடியில் சற்றுப் பெரிதாக, திறந்துமூடும் நெம்பு இல்லாமல் இருக்கும் சட்டம். விசிறி ஊதுவதெல்லாம் அது உறிஞ்சுவதைத்தான் என்பதால், வருமிடம் அடைபட்டால் போகுமிடமும் வாடும். கதவைச் சாத்திய படுக்கையறையில் திரும்பும் வழி தனியாக இல்லாவிட்டால், காற்று கதவின் அடியிடுக்கால்தான் வெளியேறவேண்டும். தடித்த புதுத் தரைவிரிப்பு அதையும் அடைத்துவிடுகிறது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அந்தச் சட்டத்தருகே பிடித்தால், புகை உள்ளே இழுபடுகிறதா, நேரே மேலெழுகிறதா என்று குழந்தையும் சொல்லிவிடும். இவர் ஊதுபத்தி கொளுத்துவது சுவாமி அறையில் மட்டுமே.

"இஞ்சேருங்கோ, சின்னவளின்ரை அறை குளிருது" என்று மனைவி பல மாரிகளாகச் சொல்லிவரும் இவரது சொந்த வீட்டில், அந்தப் பெரிய சட்டம் நெகிழி உறை கழற்றாத மூன்று பேர் சோபாவின் பின்னால், அதன் முதுகோடு ஒட்டியபடி இருக்கிறது. விருந்துக்காக வீட்டைக் கூட்டும் நாள்களில் சோபாவை ஒரு சாண் முன்னே இழுக்கும்போது, சுவருக்குள்ளிருந்து நீண்ட பெருமூச்சொன்று கேட்கிறது. மாடியில் நாலாவது அறையின் திரைச்சீலை அசைகிறது. அப்படி இழுத்தால் மேலே மாட்டிய மூத்தவளின் சாமத்திய வீட்டுப் படத்துக்கும் சோபாவுக்கும் அமைப்புச் சரிவராது என்பதால், கூட்டி முடிந்ததும் அது மறுபடியும் சுவரோடு சேர்க்கப்படுகிறது. அதற்குள் நேரமாகிவிடும், மார்க்கத்தில் ஒரு குடிபூரல் இருக்கிறது.