ஓலை எழுதியது யார்?

கேள்வி: கல்விக் கொள்கையை உண்மையில் எழுதுவது யார் சார்?
– ஒரு தாய், திருநாவலூர்

பதில்: சுந்தரர் பிறந்த ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! அவர் கல்யாணத்தில் கிழவர் ஒருவர் அடிமை ஓலையை நீட்டினாரே, நினைவிருக்கிறதா? எழுதிக் கொடுத்தது பாட்டன், மாட்டிக்கொண்டது பேரன். கல்விக் கொள்கையும் அந்த ரகம்தான்.

1953-ல் ராஜாஜி, 'அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்' என்றார். தெரு கொந்தளித்தது, அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். ஆக, கொள்கை எழுதும் குழுவில் தெருவும் உறுப்பினர்தான்!

2020-ல் டெல்லி ஒரு கொள்கை தந்தது. பதிலுக்கு 2022-ல் தமிழ்நாடு நீதியரசர் முருகேசன் தலைமையில் குழு போட்டது. செஸ் ஆனந்த், பாடகர் டி.எம்.கிருஷ்ணா, எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் எல்லாம் உறுப்பினர்கள். (கச்சேரிக்குக் குறைச்சலில்லை.) குழுவை ஒருங்கிணைத்த ஜவகர்நேசன், 'அதிகாரிகள் தலையிடுகிறார்கள்' என்று 2023-ல் விலகினார். பேனா யாரிடம் இருக்கும் என்பதற்கு இதைவிடக் குறிப்பு வேண்டுமா? பள்ளிக் கல்விக் கொள்கை வெளிவந்தது 2025 ஆகஸ்டில்.

உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு தாயே. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்கிறது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எதுவும் எழுதாத மினிட்ஸ் நோட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.