பாதிச் சவரமும் இருபது முகக் கட்டையும்

மேலிடத்தின் மீது கோபம் வந்தால் அதை எப்படிக் காட்டுவது என்று வேதாரண்யத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து, இங்கே அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். கடல் கொடுக்கிறது, வெயில் காய்ச்சுகிறது, நடுவில் சர்க்காருக்கு எதற்கு வரி? அந்தச் சமயத்தில் சவரத் தொழிலாளி வைரப்பன், பாதி முகம் மழித்த பிறகு, எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்பது ஊரறிந்த கதை. ஆரம்பத்திலேயே மறுத்திருந்தால் மனிதர் வேறு கடைக்குப் போயிருப்பார். பாதியில் நிறுத்தியதில்தான் கலை இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்த என் அக்கா மகன், பெங்களூரில் சனிக்கிழமை தோறும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறவன். 1974-ல் அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே புகுவார்கள். வெட்டு விழுந்ததா, வழுக்கி விழுந்தாரா என்பதை இருபது முகமுள்ள ஒரு கட்டை முடிவு செய்யும். வளர்ந்த பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, இல்லாத பூதத்துக்குப் பயந்து, நிஜமான முறுக்கைத் தின்பதுதான் இதன் சாரம் என்பது அக்காவின் கணிப்பு.

2023 போகிக்குப் பெங்களூரிலிருந்து வந்து இறங்கியவன் முகத்தை உம்மென்று வைத்திருந்தான். வேலை போய்விட்டதோ என்று அக்கா பதறினாள்.

"அதெல்லாம் இல்லம்மா. கம்பெனிக்காரன் லைசென்ஸை மாத்தப் போறானாம்."

அக்கா அறிந்த லைசென்ஸ் ஒன்றே ஒன்று. "ஆர்டிஓ ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்சவர் இருக்காருடா" என்று தேற்றினாள்.

விஷயம் இதுதான். ஹாஸ்ப்ரோவின் கிளையான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2000-ல் தாராள மனதோடு ஓர் உரிமம் கொடுத்தது. எங்கள் விதிகளை வைத்து யாரும் கதை எழுதலாம், புத்தகம் போடலாம், விற்கலாம். அதை நம்பிச் சின்னச் சின்னப் பதிப்பகங்கள் முளைத்தன. 2022 டிசம்பரில் கம்பெனியின் மேலதிகாரி, இந்த விளையாட்டில் எடுக்க வேண்டிய காசை இன்னும் எடுக்கவில்லை என்ற பொருளில் முதலீட்டாளர்களிடம் பேசினார். மறுமாதமே புது உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமம் செல்லாது. வருஷத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் வரும் வருமானத்தில் 25 சதவீதம் வரை கப்பம். நீங்கள் எழுதியதைக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம். (ஏழரை என்ற எண்ணைக் குறித்துக் கொடுத்த ஜோசியர் யாரோ.)

எனக்கு உடனே உப்பளம் ஞாபகம் வந்தது. பூதமும் கதையும் ஆடுகிறவர்களின் மண்டையில் விளைந்தவை. விளைந்த இடத்துக்கே வந்து வரி கேட்டால் வேதாரண்யத்து ரத்தம் கொதிக்காதா? பையன் கம்பெனியின் இணையச் சந்தாவை அன்றே ரத்து செய்திருந்தான். உலகம் முழுக்க ரசிகர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கத்தி கீழே வைக்கப்பட்டுவிட்டது.

ஆனால் அக்கா, "அவ்வளவு கோவம்னா அந்தப் புத்தகத்தையெல்லாம் போகியில போடேன்" என்றபோது, அவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட வேகம் இருக்கிறதே! ரசிகனின் கோபம் கம்பெனியின் வாசல் வரைதான் போகும். அலமாரிப் பக்கம் திரும்பாது.

"இது புதுசில்லடா" என்று கொல்கத்தா கதையைச் சொன்னேன். அங்கே அகர்வாலா என்று இரண்டு சகோதரர்கள், ஸ்கிராபிளை இணையத்தில் ஆட 'ஸ்கிராபுலஸ்' என்று ஒன்றைச் செய்தார்கள். ஃபேஸ்புக்கில் பைத்தியமாக ஆடினார்கள் ஜனங்கள். அமெரிக்கா, கனடாவில் ஸ்கிராபிள் உரிமை ஹாஸ்ப்ரோவுடையது. மற்ற தேசங்களில் மேட்டலுடையது. தாயாதிச் சொத்து மாதிரி பிரித்த இந்தப் பங்கினால், 2008 ஜூலையில் ஹாஸ்ப்ரோ வழக்குப் போட்டதும் அமெரிக்கா, கனடாவில் மட்டும் ஆட்டம் நின்றது. அமெரிக்காக்காரனோடு ஆடிக்கொண்டிருந்த இந்தியன் எழுத்துகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டெல்லி உயர் நீதிமன்றமோ, பெயர்தான் உங்களுடையது, ஆட்டத்துக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று மேட்டலிடம் சொன்னது. சகோதரர்கள் 'லெக்ஸுலஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். கோபித்த ஜனங்கள் ஸ்கிராபிளை விட்டார்களா? பரணிலிருந்த பெட்டி பரணிலேயே பத்திரமாக இருந்தது.

அதற்குள் கம்பெனியின் அறிக்கை வந்திருந்தது. ரசிகர்கள் கொதிப்பதைப் பார்த்தால் எங்கள் கட்டையில் ஒன்று விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று அசடு வழிந்திருந்தார்கள். அந்த விளையாட்டில் ஒன்று என்றால் படுதோல்வி.

அக்கா குழம்பினாள். "ஒண்ணு விழுந்தா தாயம்தானே? நல்லாத்தானே போட்டிருக்கான்?"

கம்பெனி அந்த ஜனவரி 27-ல் முழுதாக இறங்கி வந்தது. பழைய உரிமம் தொடரும்; அடிப்படை விதிகளின் தொகுப்பும் பொது உரிமத்தில்; யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மே மாத லீவுக்கு வந்த பையன், கோயில் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நானூறு பக்கத்தையும் டபுள் சைடில் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டு வந்தான். தெருப் பிள்ளைகள் திண்ணையில் கூடிவிட்டார்கள். கோடியக்கரைக் காட்டுக்குள் புதையல். காவலுக்கு உப்பு வரி வாங்கும் பூதம். ஆள் குறைகிறது என்று அக்காவையும் மந்திரவாதியாக்கினார்கள்.

முதல் உருட்டிலேயே அக்காவுக்கு ஒன்று விழுந்தது.

"தாயம்!" என்று தொடையைத் தட்டினாள். "பூதம் காலி. இன்னொரு ஆட்டம் எனக்கு."

பையன் பக்கம் புரட்டி விதியைக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்துவிட்டு, கட்டையை மறுபடி கையில் எடுத்துக் குலுக்க ஆரம்பித்தாள் அக்கா.