அசட்டுக் கேள்விகளோடு கடலுக்குப் போனேன்

கைட் என்ற பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட்சர்ஃபிங் பழக ராமேசுவரம் கிளம்புமுன் பயிற்சியாளருக்கு வாட்ஸப்பில் ஒரு கேள்விப் பட்டியலே அனுப்பினேன். 48 வயது தாங்குமா? கைக்கு வலு போதுமா? தொந்தி இடைஞ்சலா? சுறா வருமா? காற்று தூக்கிக்கொண்டு போய் இலங்கையில் போட்டுவிட்டால் பாஸ்போர்ட் இல்லாமல் என்ன செய்வது? கடைசிக் கேள்வியை வேடிக்கைக்குக் கேட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

ஆசை வந்தது டிவி பார்த்து. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கம் கொடுத்தார்கள். போட்டி நடந்தது மார்செய் கடலில். தண்ணீரையே தொடாமல் பலகையில் பறந்தார்கள். அடியில் ஃபாயில் என்ற இறக்கை மாட்டிய பலகை அது. "எனக்கும் அதையே கொடுங்கள்" என்று கரையில் இறங்கியதும் கேட்டேன். பயிற்சியாளருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. பதில் சொல்லாமல் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார்.

தொந்தி விஷயம் உடனே தீர்ந்தது. எடை கூடினால் கைட்டின் பரப்பளவைக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். அன்றைக்குக் காற்று 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் வாக்கில். பயிற்சியாளர் காற்றைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், 12 சதுர மீட்டர் கைட்டைக் காட்டினார். தராசு தேவைப்படவில்லை. "இன்னும் பலமாக அடித்தால் சீக்கிரம் பழகலாமே" என்று என் யோசனையைச் சொன்னேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும் என்று அவர் மணலில் எழுதிக் காட்டினார். பள்ளியில் இயற்பியலைத் தூங்கிக் கழித்தவன் அதற்கப்புறம் காற்றுக்கு யோசனை சொல்லவில்லை.

முதல் பாடம் மணலில், சின்னப் பயிற்சிக் கைட்டோடு. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் எதிரே உள்ள வானம் ஒரு கடிகாரம். தலைக்கு நேர் மேலே 12 மணி. இரண்டு ஓரங்களிலும் தரையையொட்டி 9-உம் 3-உம். ஓரங்களிலும் உச்சியிலும் கைட் சாதுவாக நிற்கும். நமக்கு நேர் எதிரே தாழ்வாக இறங்கினால்தான் முழு பலத்தோடு இழுக்கும். "பதினொண்ணுல நிறுத்துங்க சார்" என்பார். நான் ஒன்றுக்குக் கொண்டுபோவேன், திருத்தப் பார்த்து நேர் நடுவில் இறக்குவேன். அந்த நேரத்தில் என்னோடு மணலும் கொஞ்ச தூரம் வரும்.

வலுவைப் பற்றிய கேள்விக்குத்தான் அதிகம் பட்டேன். உண்மையில் இதற்குப் புஜபலம் வேண்டாம். இடுப்பில் ஹார்னெஸ் கட்டி, அதன் கொக்கியில் கைட்டை மாட்டிவிடுகிறார்கள். இழுப்பையெல்லாம் இடுப்பு வாங்கிக்கொள்ளும். கையில் இருக்கும் பார் திருப்புவதற்கும் விசையைக் கூட்டிக் குறைப்பதற்கும் மட்டும்தான்: நம் பக்கம் இழுத்தால் விசை ஏறும், தளர்த்தினால் இறங்கும். என் கையோ டவுன் பஸ்ஸில் வளர்ந்த கை. சடன் பிரேக் போட்டால் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பயந்தேன், பிடித்தேன், பிடித்ததால் விசை ஏறியது, ஏறியதால் மேலும் பயந்தேன். "விடுங்க சார், விடுங்க!" என்று அவர் கத்துவது கேட்கும்போது என் முகம் தண்ணீருக்குள் இருக்கும். வலுவே வேண்டாத விளையாட்டில் தோள்வலி சம்பாதித்தது என் தனித்திறமை.

அடுத்து, பலகை இல்லாமல் கைட் இழுத்த இழுப்பில் தண்ணீரில் ஊர்ந்து போகும் பாடம். இதை மட்டும் நன்றாகச் செய்தேன். உப்புத் தண்ணீர் குடிப்பதும் பாடத்தில் சேர்த்தி என்றால் முதல் மதிப்பெண் எனக்குத்தான். பிறகு பலகை வந்தது. நின்றுவிட்டேன் என்று நானே நம்புவதற்குள் உட்கார்ந்திருந்தேன். சில நொடிகள் நின்றபோதும் காற்று போகும் பக்கமாகவே போனேன். காற்றுக்கு எதிராகக் கோணம் பிடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வித்தை பின்னால்தான் கைவருமாம். அதுவரை பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து திரும்ப வேண்டும். வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "நடக்குறதுக்கா தம்பி இம்புட்டுச் சாமான்?" என்று கேட்டார். சுறா வரவில்லை. நான் போட்ட சத்தத்துக்கு நெத்திலிகூட வந்திருக்காது.

பட்டியலில் இல்லாத கேள்விதான் முக்கியமானது: காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? ராமேசுவரம் தீவின் கிழக்குப் பகுதி ஒடுங்கலான நிலம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கோடையில் காற்று தெற்கிலிருந்து வரும். அப்போது வடகரையில் தண்ணீர் அலையே இல்லாமல் பளபளவென்று கிடக்கும். "அங்கே போகலாமே, அமைதியாக இருக்கிறது" என்றேன். "அங்க காத்து கரையிலிருந்து கடலுக்குப் போகுது சார். நீங்க விழுந்தா உங்களையும் கொண்டு போயிரும். மீட்புப் படகு இல்லாம அங்க இறங்கக் கூடாது" என்றார். வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் நிலைமை தலைகீழாகும். பாஸ்போர்ட் கேள்வி அசடுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த பயம் நியாயமானது.

ஆகவே, பழகப் போகிறவர்களுக்கு: வயதையும் வயிற்றையும் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, ஆபத்தில் கைட்டின் விசையை ஒரே அசைவில் அடக்கும் குவிக் ரிலீஸை எப்படி இயக்குவது, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். நீச்சல் பழகிவிட்டுப் போங்கள். பழைய கைட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கித் தனியாக மட்டும் இறங்கிவிடாதீர்கள்.