புகுநன் வரவேற்பியல்

மாணாக்க, கேள். தீயணைப்பு நிலையத்துள் புதிதாய்க் கால்வைப்பானைப் பழையோர் எதிர்கொள்ளும் முறைகளைத் தொகுத்தும் வகுத்தும் உரைப்பது இவ்வியல். இதற்கு நிலைக்களம் அமெரிக்க நாடு. ஆங்குப் ‘புரோபி’ எனப்படுவோனை இந்நூல் புகுநன் என்னும், பெண்ணாயின் புகுநள். புகுநிலை பல ஊர்களில் ஓராண்டு நீளும்.

வரவேற்பாவது ‘வருக’ என்னும் சொல் ஒழிந்த ஏனைய அனைத்தும். பழையோன் ஒருவன் அச்சொல்லை வாய்திறந்து கூறினானாயின் அது வரவேற்பன்று. வந்தவனை விருந்தினன் எனப் பிறழ உணர்ந்தான் என்க. வரவேற்பு ஐவகைப்படும்.

1. வாளி வரவேற்பு. முதுமை நோக்கி முதற்கண் வைக்கப்பட்டது. 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பரும் பிலடெல்பியாவில் நிறுவிய ஒன்றியத் தீயணைப்புக் கழகத்துள் புகுவோன், தோல்வாளியும் வலிய பையும் கூடையும் தன் செலவில் வைத்திருத்தல் வேண்டும். வாளி நீர் சுமக்க. பையும் கூடையும் எரியும் வீட்டுப் பொருளை வாரிக்கொண்டு வெளியேற. திங்கள்தோறும் கூடும் கூட்டத்துக்கு வாராதவன் ஒறுப்புப் பணம் இறுத்தான். அதுகொண்டு பொறியும் ஏணியும் கொக்கியும் வாங்கினர். தோல்வாளி இன்று வழக்கொழிந்தது. ஒறுப்பு ஒழியவில்லை, அதனை நான்காம் வகையுள் காண்க.

2. ஏவல் வரவேற்பு. இது உள்பொருள் ஏவல், இல்பொருள் ஏவல் என இருபாற்படும்.

உள்பொருள் ஏவலாவது உள்ளதைக் கொணரச் சொல்லுதல். எடுத்துக்காட்டு: ‘ஹாலிகனைக் கொண்டு வா.’ இது நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஹ்யூ ஹாலிகன் 1948-இல் வடித்த இருப்புக்கோல்; ஒருமுனை கவை, மறுமுனை வாய்ச்சியலகும் கூரலகும். பூட்டிய கதவை நெம்புதற்கு உரியது. பெயரைக் கேட்டு ஆளைத் தேடிப்போகும் புகுநனும் உளன். அவனுக்குத் தனி உள்வகை வேண்டா.

இல்பொருள் ஏவலாவது யாண்டும் இல்லாத ஒன்றைக் கொணரச் சொல்லுதல். இதன் தலைமைப் பொருள் குழாய்நீட்டி. தீயை நோக்கிக் குழாயை இழுத்துச் செல்லுதலை ‘நீட்டுதல்’ என்றே அந்நாட்டார் வழங்குவர். ஆதலின், நீட்டுதற்கு ஒரு கருவி இருத்தல் கூடும் எனப் புகுநன் நம்புதற்கு இடமுண்டு. ஐம்பதடித் துண்டுகளை இணைத்து ஆகும் குழாய், எரியும் அறைக்குப் பத்தடி முன்னரே தீர்ந்துபோயினும் போம். அப்போது குழாய்நீட்டியின் அருமை தெரியும். அது இல்லாமை அதன் குறையன்று.

ஏவப்பட்டோன் மூவகையன்: தேடுவான், நகுவான், கொணர்வான். தேடுவான் தலையாயன் அல்லனேனும் பயனுடையன். அற்றேல், இல்லாததைத் தேடுவதால் எய்தும் பயன் என்னை எனின், வண்டியின் அறைகளை எல்லாம் திறந்து மூடுவான். எக்கருவி எவ்வறையில் உளது என்பது அன்றே நெஞ்சில் தங்கும். நகுவான் முன்பே எவராலோ எச்சரிக்கப்பட்டவன். அவனால் அவைக்குச் சுவையில்லை. கொணர்வான் இன்னும் ஓர் ஐம்பதடித் துண்டைத் தோளில் இட்டு வந்து, ‘இதோ’ என்பான். இவன் அரியன். இவன்முன் பழையோர் வாய்வாளாமை மேற்கொள்வர். அது வரவேற்பின் மேனிலை என்பது என் துணிபு.

3. அடிசில் வரவேற்பு. நிலையத்து உணவைப் பெரும்பாலும் நகராட்சி தருவதில்லை. பணியிலுள்ளார் பணம் போட்டுத் தாமே வாங்கித் தாமே அட்டு உண்பர். ஆகவே நிலையத்தின் நெஞ்சாங்குலை வண்டிக்கொட்டில் அன்று, அடுக்களை. புகுநன் குளம்பி காய்ச்சுக, இறுதியில் அமர்க, முதலில் எழுக, எழுந்தவுடன் கலம் கழுவுக. மூத்தோன் கழுவக் கண்டு அமர்ந்திருக்கும் புகுநனைப் பற்றி நூல் ஒன்றும் கூறாது. நிலையத்தார் கூறுவர்.

அவன் அட்ட உணவு மூன்றாகப் பகுக்கப்படும். உப்பு மிக்கது ஆண்டுகள் பல பேசப்படும். உப்புக் குறைந்தது அன்றிரவே மறக்கப்படும். மூன்றாவது மணியிடை அடிசில்: இலக்கணம் வழுவாது வெந்து, கலத்தில் இட்ட நொடியில் மணியடிக்க, எல்லாரும் ஓட, திரும்பி வந்து ஆறியபின் உண்ணப்படுவது. இதன் சுவையை எவரும் அறியாமையின் இது குற்றமும் பெறாது, புகழும் பெறாது. புகழ் என்றது ‘நன்று’ எனும் சொல்லை அன்று. இரண்டாம் முறை கலம் நீட்டுதலை.

4. இறை வரவேற்பு. இறை என்றது ஈண்டு வரியை. முதல் தீயைக் கண்டால் பனிக்கூழ். செய்தித்தாளில் பெயர் வந்தால் பனிக்கூழ். தொலைக்காட்சியில் தலை தெரிந்தால் பனிக்கூழ். சில நிலையங்களில் அணிச்சல். வாங்குவோன் புகுநன், உண்போர் அனைவரும். முதற்செயல் ஒவ்வொன்றும் இறைக்கு உரியது ஆதலின், புகுநன் தன் முதற்செயல்களை மறைக்க முயல்வதுண்டு. தொலைக்காட்சி இதற்கு இடங்கொடாது. இவ்விறை பிலடெல்பிய ஒறுப்பின் வழித்தோன்றல் என்பேன். அன்று வாராமைக்கு இறுத்தனர். இன்று வந்து நற்பணி செய்தமைக்கு இறுக்கின்றனர்.

5. நீராட்டு வரவேற்பு. மேலிருந்து வாளிநீர் கவிழ்த்தல். விளக்கம் வேண்டா.

புறனடை. கண்மறைத்துத் தரையில் தவழ்ந்து, குழாயைத் தடவி, மூட்டின் அமைப்பு ஒன்றைக் கொண்டே வெளிவழி எப்பக்கம் என அறியும் பயிற்சியை இவ்வைந்தனுள் அடக்குவாரும் உளர். அது பொருந்தாது. மற்றையவற்றுள் பழையோர் நகுவர். இதன்கண் ஒருவரும் நகார், புகுநன் வழிதவறினும் மறுபடி மறுபடி செய்விப்பர்.

பயிற்சி வினா. புகுநன் ஒருவன் தன் முதல் தீக்காக வாங்கிய பனிக்கூழை ஏந்தி மேல்மாடத்தில் நிற்கின்றான். மணி அடிக்கின்றது. 1878-இல் சிகாகோவில் டேவிட் கென்யன் அமைத்த வழுக்குக்கழியின் வழிவந்த கழியே அவனுக்கு அணித்தாய இறங்குவழி; கழிக்கு இரு கையும் வேண்டும். கீழே மூத்தோர் அறுவர் மேல்நோக்கி நிற்கின்றனர். நிகழப்போவது எவ்வகை வரவேற்பு? உள்வகை சுட்டி விடை எழுதுக.