வைகாசிக் கண்ணாலமும் பிரான்ஸ் பாட்டிலும்

ஏனப்புனு, மண்டபம் புடிச்சாச்சு, சமையக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, என்ன வைன் வெக்கறதுன்னுதான் இன்னும் முடிவாகலையாமா? உன்ற அம்மா சொன்னா. ஜெர்மனி பையரும் இத்தாலி பையரும் ஒறம்பரைக்கு வர்றாங்கொ, பிரான்ஸ் பாட்டில் தொறந்தாத்தான் மருவாதைங்கறயாம். நல்ல ரோசனை. டீ-சர்ட்டுக்குப் பத்துச் சென்ட்டு கொறைக்கச் சொல்லி மெயில் மேல மெயில் போடறவன், அந்தப் பாட்டிலைப் பாத்தான்னா, "இவனுக்கு நம்மகிட்ட நல்ல லாபம் நிக்குது"ன்னு இன்னொரு பத்துச் சென்ட்டு கொறைப்பான். ஊத்து, தாராளமா ஊத்து.

செவப்பு வைனாம். 2011 சனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் நொய்யல்ல அந்தக் கலர் தண்ணி ஓடிப் பாத்தவன் நானு. என்னைய அதைக் காட்டி மயக்க முடியாது.

சரி, மண்டபத்துல எப்படி வெப்பே? 2023 ஏப்ரல்ல கண்ணால மண்டபத்துலயும் லைசன்ஸ் வாங்கிப் பரிமாறலாம்னு அரசாங்கத்து ஆணை வந்துச்சு. ஊரு கொதிச்ச கொதியில, மந்திரியா இருந்த செந்தில்பாலாஜி மண்டபத்துக்கு அனுமதியில்லைன்னுட்டாரு, ஆணையையும் திருத்திப்போட்டாங்கொ. சர்வதேச மாநாடு, வெளையாட்டுப் போட்டின்னாத்தான் லைசன்ஸ்னு அப்பச் சொன்னாங்கொ. நீ வேணும்னா பத்திரிகையில "சர்வதேச பனியன் மாநாடு"ன்னு அடிச்சுப்போடு. பொண்ணு கழுத்துல தாலி, ஒறம்பரை கழுத்துல டெலிகேட் அட்டை. மங்கல வாழ்த்தைப் பவர்பாயிண்ட்டுல போட்டுக்கலாம்.

ஆணை வந்தா என்ன, போனா என்ன, கார் டிக்கி இருக்குதல்லோ! நம்மூரு ரிசப்சன்ல பொழுதோட பார்க்கிங் பக்கம் போயிப் பாரு. டிக்கியில பனியன் வேஸ்ட்டுத் துணிய விரிச்சு, அது மேல பேப்பர் கப்பை வரிசை வெச்சு, தண்ணி பாட்டிலைக் கால்வாசி கீழ கொட்டிப்போட்டு, அந்த எடத்துல டாஸ்மாக் சரக்கை ரொப்பிக் குலுக்குவாங்கொ. மிச்சர் பொட்டலம் பேனட்டு மேல. உள்ள பந்தியில எலை காயும். பங்காளிக மூணு பேரைக் காணோம்னு உங்க மாமன் தேடுவான்.

வேதாகமத்துலயே ஒரு கண்ணாலம் வருது, கானாவூர்ல. உன்ற இத்தாலிக்காரனுக்குத் தெரியும், கேளு. பந்தி நடக்கறப்பவே ரசம் தீந்துபோச்சு. ஆறு கல்சாடித் தண்ணி ரசமாச்சு. ருசி பாத்த பந்தி விசாரிப்புக்காரன் மாப்பிள்ளையக் கூப்பிட்டு, எல்லாரும் நல்லதை மொதல்ல ஊத்துவாங்க, நீ கடைசிக்கு வெச்சிருக்கறயேன்னான். ரெண்டாயிரம் வருசமா அந்த வைனு பேரோட நிக்குது. மாப்பிள்ளை பேரென்ன, பொண்ணு பேரென்ன? ஒருத்தரும் எழுதி வெக்கலையே! உன்ற பேரும் அப்படிப் போகோணும்னா, ஆகட்டும், பிரான்சுக்கு ஆர்டர் போடு.

திராட்சைதான் வேணும்னா கம்பம் பன்னீர் திராட்சை இருக்குது. 2023ல அதுக்குப் புவிசார் குறியீடும் குடுத்தாச்சு. சாறு புழிஞ்சு வெய்யி.

என்னையக் கேட்டா தெளுவு. வைகாசி வரைக்கும் பனையில எறங்கும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டி, விடியறதுக்குள்ள எறக்கி, வடிகட்டி, பனையோலைப் பட்டையில ஊத்திக் குடு. பையருக அந்தப் பட்டையப் புடிக்கத் தெரியாம சட்டையில ஊத்திக்குவானுக. நீதான் சட்டைக்காரனாச்சே, ஆளுக்கொண்ணு சாம்பிள் பீஸ் குடுத்துக்க.

ஒண்ணு மட்டும் பாத்துக்க. மரமேறி ஒரு கலயத்துல சுண்ணாம்பு தடவ மறந்தான்னா அது கள்ளாயிரும். 1987லிருந்து கள்ளு எறக்கறது குத்தம். பந்தியில வெச்சுப்போடாதே, வம்பு. அப்படி ஏதாச்சும் ஒரு கலயம் தப்பிப்போச்சுன்னா, ஆருகிட்டயும் மூச்சு உடாம, எந்த ரூம்புல வெச்சிருக்கறேன்னு எனக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லு.