பாதாள விசாரணை

சென்ற மாதம் இப்பகுதியில் பூகம்பத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதன் பயனாக, விலைவாசியையும் சினிமாவையும் அடியோடு மறந்து, வாசக நேயர்கள் ஒட்டுமொத்தமாகப் பாதாளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். பூமியைத் தாங்குவது ஆதிசேஷனா, அஷ்டதிக்கஜங்களா என்று கேட்ட இரு கட்சியினருக்கு மட்டும் விடை இல்லை. முதலில் அவர்களுக்குள் சமரசம் ஏற்படட்டும்.

கேள்வி: பூமியின் நடுவில் இரும்பு இருக்கிறது என்று பள்ளிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்?

ஒருவரும் போகவில்லை. ரஷ்யாவின் வடமேற்கு மூலையில், கோலா தீபகற்பத்தில், 1970-ல் துளையிடத் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிரயாசைப்பட்டு 12,262 மீட்டர் வரை இறங்கினார்கள். அங்கே உஷ்ணம் 180 டிகிரியாகி, பாறை துளைக்கருவிக்கு வசப்படாமல் குழையத் தொடங்கவே, போதுமென்று நிறுத்திக்கொண்டார்கள். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஐந்நூறில் ஒரு பங்குகூடப் போனபாடில்லை. அதற்குக் கீழே போய் மீண்டவை பூகம்ப அலைகள் மாத்திரமே. அவை எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தன என்பதையும், அதைக்காட்டிலும் முக்கியமாக, எந்த ஊருக்கு வரவேண்டியிருந்தும் வராமற்போயின என்பதையும் குறித்து வைத்துக்கொண்டுதான் இந்தப் புத்தகங்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன.

கேள்வி: கடலில் அலை ஓடுவது சரி. கருங்கல்லில் அலை எப்படி ஐயா ஓடும்?

கல் ஓடுவதில்லை; உலுக்கல்தான் ஓடுகிறது. வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் வரிசையில் நின்று அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை: பின்னால் யாரோ ஒரு புண்ணியவான் நெருக்க, அந்த நெருக்கல் ஆளுக்கு ஆள் கைமாறி நொடிப்பொழுதில் முன்வரிசையைத் தொட்டுவிடும், நெருக்குண்ட நாமோ ஓர் அங்குலம் முன்னே போய், அதே ஓர் அங்குலம் பின்னே வந்து, நின்ற இடத்திலேயே நிற்போம். பாறையின் துகள்கள் இவ்வாறு பயணத் திசையிலேயே முன்னும் பின்னுமாக நெருங்கியும் விலகியும் கடத்துகிற அலைக்குப் பி அலை என்று பெயர். திடம், திரவம், வாயு என்ற பேதமின்றி எதனூடேயும் அது புகுந்து போகும். துகள்கள் பயணத் திசைக்குக் குறுக்காக அசைந்து கடத்துவது எஸ் அலை. தன் வடிவத்தைக் குலைக்க வருவதை எதிர்த்து நிற்கும் விறைப்பு எந்தப் பொருளுக்கு உண்டோ அதில்தான் எஸ் அலை ஓடமுடியும். திரவத்துக்கு அந்த விறைப்பு கிடையாதாகையால் அதனிடம் எஸ் அலையின் ஜம்பம் சாயாது. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வழக்கு ஒன்று இதை வைத்தே தீர்ப்பாகப் போகிறது.

பூமியின் மேலோட்டில் பி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் செல்லும். எஸ் அலை மூன்றரை. இவ்விரண்டுக்கும் பின்னால் தரையோடு தரையாக வருகிற மேற்பரப்பு அலைகள் எல்லாவற்றிலும் மந்தமானவை. தொலைதூரம் வரை ஆட்டம் காட்டி, கட்டிடங்களை அதிகமாக அலைக்கழிப்பவையும் அவைதாம்.

கேள்வி: பூமி அதிர்வதற்குச் சில நொடிகள் முன்பே எங்கள் தெரு நாய் குரைத்தது. அதற்கு ஞானதிருஷ்டி உண்டா?

இல்லை. பி அலை உண்டு. முதலில் வந்த அந்த மெல்லிய உதறலை நாய் கவனித்தது, தாங்கள் கவனிக்கவில்லை.

கேள்வி: எங்கோ ஜப்பானில் பூமி நடுங்கினால், கொடைக்கானலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியவருகிறது?

இது தெரியவந்ததே ஒரு தற்செயல். எர்ன்ஸ்ட் ஃபான் ரெபோயர்-பாஷ்விட்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞர், சந்திரனின் ஈர்ப்பினால் பூமி எவ்வளவு சாய்ந்து கொடுக்கிறதென்று அளப்பதற்காக, பாட்ஸ்டாம் நகரில் மிக நுட்பமான ஊசல் ஒன்றை அமைத்திருந்தார். 1889-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அந்த ஊசல், சந்திரனுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போலக் கன்னாபின்னாவென்று ஆடியிருந்ததைப் பதிவில் கண்டார். சில வாரங்கள் கழித்து ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைப் புரட்டுகையில், அதே நேரத்தை ஒட்டி டோக்கியோவில் பூகம்பம் நிகழ்ந்ததாகப் படித்தார். ஏறக்குறைய 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த சம்பவம், பூமிக்குள் புகுந்து அவருடைய அறைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது! முப்பத்துநான்கு வயதில் க்ஷயரோகத்துக்குப் பலியான இந்த மனிதரின் பெயர் நமது மாணவர்களின் காதில் விழுவதேயில்லை என்பது என் மனத்தாங்கல்.

கொடைக்கானலுக்கு வருவோம். 1897-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி அஸ்ஸாமைப் புரட்டிப்போட்ட மகா பூகம்பத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் கல்கத்தாவின் அலிப்பூர், பம்பாயின் கொலாபா, நமது கொடைக்கானல் ஆகிய இடங்களில் நில அதிர்வுமானிகள் வைக்கப்பட்டன. பி அலை முந்தி வரும், எஸ் அலை பிந்தி வரும். தூரம் கூடக் கூட இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் கூடும். அண்டைப் பிரதேசத்துப் பூகம்பமானால், இடைவெளி நொடிகளை எட்டால் பெருக்கினால் ஏறக்குறையக் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும்: முப்பது நொடி என்றால் 240 கிலோமீட்டர். எந்தத் திசை என்பதற்கு மூன்று நிலையங்கள் தத்தம் தூரத்தை ஆரமாக வைத்து மூன்று வட்டங்கள் வரைய, அவை சந்திக்குமிடம் குற்றவாளியின் ஜாகை.

கேள்வி: ஆழம் போகப் போகப் பாறை கனக்கிறது. கனத்த பொருளில் அலை மெதுவாகத்தானே போகவேண்டும்? வேகமாகப் போகிறது என்கிறார்களே!

நல்ல கேள்வி, கேட்டவர் கணக்கு வாத்தியாராக இருக்கவேண்டும். கனம் அலையைத் தாமதப்படுத்தும் என்பது மெய்யே. ஆனால் மேலிருந்து அமுக்கும் பாரத்தினால் பாறையின் விறைப்பு அதன் கனத்தைக் காட்டிலும் விரைவாக அதிகரிக்கிறது; வேகத்தை நிர்ணயிக்கும் போட்டியில் விறைப்பே வெல்கிறது. ஆகவே மேலோட்டுக்குக் கீழேயுள்ள, கவசம் எனப்படும் பகுதியின் அடித்தளத்தில் பி அலையின் வேகம் நொடிக்கு 13.7 கிலோமீட்டர் வரை ஏறிவிடுகிறது. வேகம் ஆழத்தோடு கூடுவதால், கீழ்நோக்கிக் கிளம்பிய அலை நேர்கோட்டில் போகாமல் மெல்ல வளைந்து, மறுபடி மேலே தலைகாட்டுகிறது. ஆழமாக இறங்கிச் சுற்றி வந்த அலை, குறுக்கு வழியில் மேலோட்டிலேயே வந்த அலையை முந்திவிடுவதும் உண்டு. 1909-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி ஜாக்ரெப் நகருக்கு அருகே நேர்ந்த பூகம்பத்தில், ஒரே பி அலை இருமுறை வந்ததாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு, மேலோட்டுக்கு அடியில் வேகம் திடீரென்று உயரும் எல்லை ஒன்று இருக்கிறதென்று கூறியவர் ஆந்திரியா மொஹொரோவிச்சிச். அவர் பெயரை நாம் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் பி அலை இருபது கிலோமீட்டர் போய்விடும் என்பதால், விஞ்ஞானிகளே அந்த எல்லையை ‘மோஹோ’ என்று சுருக்கிக்கொண்டார்கள். கண்டங்களுக்கு அடியில் அது சராசரி 35 கிலோமீட்டர் ஆழத்திலும், சமுத்திரங்களுக்கு அடியில் கடற்தரையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரிலும் இருக்கிறது.

கேள்வி: பூமியின் உள்ளே திரவமா, திடமா? ஒரு முடிவாகச் சொல்லுங்கள்.

இரண்டும். பதறவேண்டாம், சொல்கிறேன்.

மேற்சொன்ன அஸ்ஸாம் பூகம்பத்தை நேரில் ஆராய்ந்து அறிக்கை எழுதிய இந்திய நிலவியல் துறை அதிகாரி ரிச்சர்ட் ஓல்டாம், 1906-ல், பூமியின் மறுபுறத்தை எட்டும் அலைகள் கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கு வராமல் தாமதிப்பதைக் கண்டு, நடுவே வேகத்தைக் குறைக்கும் கருவம் ஒன்று உண்டென்று அறிவித்தார். பெனோ குட்டன்பர்க் என்ற ஜெர்மானியர் சில ஆண்டுகளுக்குள் அதன் எல்லையைச் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் நிர்ணயித்தார்; இன்றைய நுட்பமான கருவிகள் அதைப் பத்துக் கிலோமீட்டர் கூடத் திருத்தவில்லை. அந்த எல்லையில் பி அலையின் வேகம் 13.7-லிருந்து எட்டாக விழுகிறது; எஸ் அலையோ அதற்குள் நுழைந்து திரும்பியதாகத் தகவலே இல்லை. விளைவாக, பூகம்பம் நிகழ்ந்த இடத்திலிருந்து 104 டிகிரிக்கு அப்பால், அதாவது தரைமார்க்கமாக 11,500 கிலோமீட்டருக்கு அப்பால், நேரான எஸ் அலை வருவதில்லை. 104-லிருந்து 140 டிகிரி வரை, கருவத்தில் நுழைந்து வளைந்த பி அலையும் எட்டாத ஒரு நிழற்பிரதேசம் பூமியைச் சுற்றி வளையமாகக் கிடக்கிறது. முழுக் கவசத்தின் விறைப்பையும் சந்திரனின் ஈர்ப்பினால் பூமி நெகிழும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த ஹரால்ட் ஜெஃப்ரீஸ், 1926-ல், கருவம் திரவமே என்று தீர்ப்பளித்தார்.

வழக்கு முடிந்ததென்று எல்லோரும் கட்டுகளைக் கட்டிவைத்த பின், டென்மார்க்கிலிருந்து ஒரு பெண்மணி மேல்முறையீடு செய்தார். இங்கெ லேமன் என்ற அவர், கோபன்ஹேகனிலும் கிரீன்லாந்திலும் இருந்த நிலையங்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் வீட்டுத் தோட்டத்துப் புல்வெளியில் பெரிய மேஜையொன்றைப் போட்டு, ஓட்ஸ் தானியம் வாங்கிய காலி அட்டைப்பெட்டிகளில் ஒவ்வொரு பூகம்பத்தின் விவரமும் எழுதிய அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, எடுப்பதும் பார்ப்பதும் திரும்பச் செருகுவதுமாக அவர் இருந்த கோலத்தை உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1929-ல் நியூஸிலாந்தில் ஏற்பட்ட பூகம்பத்தின்போது, நிழற்பிரதேசத்துக்குள் இருந்த நிலையங்கள் சிலவற்றில், வரக்கூடாத பி அலை மெலிதாக வந்திருந்தது. மற்றவர்கள் அதை ஓரத்தில் கசிந்த அலை என்று ஒதுக்கிவிட்டார்கள். திரவக் கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருந்து, அதன் மேல் பட்டுத் தெறித்தால்தான் அந்த அலை அங்கே வரமுடியும் என்று லேமன் 1936-ல் எழுதினார். கட்டுரைக்குத் தலைப்பு ஒரே ஓர் எழுத்து: பி, அதன் தோளில் ஒரு சிறு கோடு. அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து, உட்கருவம் பாடப்புத்தகத்தில் ஏறியதைக் கண்குளிரப் பார்த்துவிட்டே போனார். திடமானது என்று பிற்பாடு தெளிவான அந்த உட்கருவத்தின் ஆரம் இன்றைய கணக்குப்படி சுமார் 1,220 கிலோமீட்டர்.

கேள்வி: பூமி உள்ளே பொள்ளல் என்று ஒரு வெள்ளைக்காரரே சொன்னாராமே?

ஆம், எட்மண்ட் ஹாலி, 1692-ல். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவரே. பி அலை குறுக்கே கடந்து இருபது நிமிஷத்தில் மறுபுறம் வந்துவிடுவதால், பொள்ளலுக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: அவ்வளவு வேகமான அலை இருந்தும், 2004-ல் சுனாமி வந்தபோது நமக்கு ஏன் எச்சரிக்கை கிடைக்கவில்லை?

இதற்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. டிசம்பர் 26-ந் தேதி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடற்தரை பிளந்தது. பி அலை நான்கைந்து நிமிஷங்களில் சென்னையை எட்டிவிட்டது, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் சிலர் கட்டில் ஆடுவதையும் உணர்ந்தார்கள். கடலலை ஆழ்கடலில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் என்ற வேகத்தில் வந்து, ஒன்பது மணியை ஒட்டித்தான் நமது கரையில் ஏறியது. பூமி தன் கடமையாக இரண்டரை மணி நேர அவகாசம் கொடுத்திருந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி மையம் கால் மணிக்குள் பூகம்பச் செய்தியை வெளியிட்டது. ஆனால் இந்து மகாசமுத்திரக் கரையில் அதைக் கேட்டுப் பறையறையக் கடமைப்பட்ட அமைப்பு எதுவும் அன்று இல்லை. ஹைதராபாத்தில் அத்தகைய மையம் 2007-ல்தான் இயங்கத் தொடங்கியது.

கேள்வி: இவ்வளவு தெரிந்த நிபுணர்களுக்குப் பூகம்பம் எப்போது வரும் என்று மட்டும் தெரியாதா?

எப்போது வரும் என்பது தெரியாது. வந்துகொண்டிருக்கிறது என்பதாவது தெரியுமா என்று கேட்டிருந்தால் ஒரு சம்பவம் சொல்வேன். கருவத்தின் எல்லையைக் கண்ட அதே குட்டன்பர்க், பிற்பாடு கலிபோர்னியாவில் குடியேறி, 1933-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி மாலை, தம் கல்லூரி வளாகத்தில் ஒரு விருந்தாளியோடு நடந்துகொண்டே பூகம்பங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். விருந்தாளியும் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டு வந்தார். எதிரே வந்த சகா ஒருவர், “பூகம்பம் எப்படி?” என்று விசாரித்தார். “எந்தப் பூகம்பம்?” என்றார் குட்டன்பர்க். லாங் பீச் பூகம்பம் அவர்கள் காலடியிலேயே ஆடி அடங்கியிருந்தது. விருந்தாளியின் பெயர் ஐன்ஸ்டைன்.