கட்-ஆஃப் மாமா

கட்-ஆஃப் மாமா என்பவர், தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் தோன்றி, பொறியியல் துணைக் கலந்தாய்வு முடியும்வரை உலவும் பருவகால உறவினர். அம்மாவுக்கு அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்வீட்டுக்காரர், அப்பாவின் ஆபீஸ் நண்பர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என யார் வேண்டுமானாலும் இந்தப் பொறுப்பை ஏற்கலாம். கேட்காமலே சொல்லும் குணம் ஒன்று போதும். கணக்கில் சென்டம் எடுத்துவிட்டு ‘பி.எஸ்சி. மேத்ஸ் சேரப்போறேன்’ என்று சொல்லும் பிள்ளை எந்தத் தெருவில் இருந்தாலும் மாமாவுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

இவருடைய ஆயுதம் 200-க்குப் போடப்படும் கட்-ஆஃப். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நுழைவுத்தேர்வு 2007-ல் விடைபெற்ற பிறகு பொறியியல் இடத்தைத் தீர்மானிப்பது இந்தக் கூட்டல்தான். இருவர் சமமாக நின்றால் முதலில் புரட்டிப் பார்ப்பதும் கணித மதிப்பெண்ணைத்தான். இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு பிள்ளைக்குக் கணக்கு எவ்வளவு நன்றாக வருகிறதோ, அவ்வளவு தூரம் கணிதத் துறையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிடும் இந்தச் சூத்திரம். 60 எடுத்தவன் மேத்ஸ் சேர்ந்தால் வீட்டில் ஏனென்று கேட்க நாதியில்லை. 100 எடுத்தவன் சேர்ந்தால், ‘சென்டம் வாங்கிட்டு ஆர்ட்ஸ் காலேஜா!’ என்று தெருவே துக்கம் விசாரிக்கும். ஆர்ட்ஸ் காலேஜில் சொல்லித்தருவதால் கணிதமும் ஆர்ட்ஸ் ஆகிவிடுவது மாமாவின் வகைப்பாட்டில் ஒரு நிரூபிக்கப்பட்ட தேற்றம்.

உரையாடல் பெரும்பாலும் காபி டம்ளர் கைக்கு வந்ததும் தொடங்கும்.

“கட்-ஆஃப் எவ்வளவும்மா?”

“நூத்தித் தொண்ணூத்தாறு அண்ணே. ஆனா மேத்ஸ்தான் படிப்பேன்னு நிக்கிறான்.”

“மேத்ஸ் அவ்வளவு புடிக்குமா மாப்ளே?”

“ஆமா மாமா.”

“அப்ப கண்ணை மூடிக்கிட்டு இன்ஜினியரிங் சேரு. எம்-ஒன், எம்-டூன்னு அங்க பூரா மேத்ஸ்தானே!”

இந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதுதான் அதன் ஆபத்து. பொறியியலின் முதல் ஆண்டுகளில் அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், லாப்லாஸ், ஃபூரியர் எல்லாமே வருகின்றன. ஏராளமான அரியர்களின் பிறப்பிடமும் அந்த எம்-ஒன்தான். ஆனால் அங்கே லாப்லாஸ் மாற்றம் என்பது ஸ்பேனர் மாதிரி. போட்டுத் திருகினால் விடை கழன்று வர வேண்டும். கணித வகுப்பில், அந்தத் தொகையீடு குவிகிறதா என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடவே விடமாட்டார்கள். எப்சிலான், டெல்டா என்று இரண்டு கிரேக்க எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டரையே ஓட்டுவார்கள். பள்ளியில் மளமளவென்று கணக்குப் போட்ட பிள்ளை இரண்டு இடத்திலும் திகைத்துப்போக வாய்ப்புண்டு. இந்த வேறுபாட்டை மாமாவிடம் விளக்கியவர்களுக்குக் கிடைத்த பதில்: “குவிஞ்சா என்ன, குவியாட்டி என்ன? பாலம் நிக்கும்ல?”

வரலாற்றிலிருந்து அவர் எடுக்கும் ஒரே சான்று ராமானுஜன். கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காததால் எஃப்.ஏ.யில் தேறாமல், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார் என்பதுவரை மாமா சொல்வது சரி. கேம்பிரிட்ஜ் வருவதற்குள் அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிடும். துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். ராமானுஜனின் கணிதத்தைப் பற்றி லண்டனுக்குக் கடிதம் எழுதிய கிரிஃபித், சென்னைப் பொறியியல் கல்லூரியின் சிவில் பேராசிரியர். தன் கட்சிக்கு இவ்வளவு வலுவான சாட்சிகள் இருப்பது மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் தமிழ்நாட்டுக் கணிதத் துறைகள் மேலும் காலியாகும்.

பரிந்துரைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உறுதி மட்டும் மாறாது. ஒரு காலத்தில் ஈ.சி.ஈ. என்றார். ஐ.டி. சரிந்த ஆண்டில் ‘கோர்தான் சோறு போடும்’ என்று மெக்கானிக்கலுக்குத் தாவினார். இப்போது ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ். அதன் அடித்தளம் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் என்று மருமகன் மெல்ல எடுத்துச் சொன்னால், “அதைத்தான் நானும் சொல்றேன், இன்ஜினியரிங் சேரு” என்பார். பெண்பிள்ளை என்றால் மட்டும் கணிதத்தின் அருமை திடீரென்று விளங்கும்: “மேத்ஸ் எடுத்து பி.எட். முடிச்சா டீச்சர் வேலை. பக்கத்து ஊருலயே இருக்கலாம்.” அந்தப் பெண்ணின் கட்-ஆஃப் பையனுடையதைவிட மூன்று கூடுதலாக இருப்பது இதில் குறுக்கிடாது.

மாமாவின் நடமாட்டத்தில் 2018 ஒரு திருப்பம். அதுவரை கலந்தாய்வு கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. ஊரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்த குடும்பங்கள், திரையில் காலியிடங்கள் குறைவதைப் பார்த்தபடி காத்திருக்கும். மாமா துணைக்கு வந்து மரத்தடியில் நின்று இன்னும் நான்கு குடும்பங்களுக்கும் வழிகாட்டுவார். அந்த ஆண்டு எல்லாம் ஆன்லைனுக்கு மாறியதும், ஓ.டி.பி. வரும் போன் மாமாவின் கைக்கு வந்தது.

கணிதத்துக்கென்றே உள்ள இடங்கள் அவர் பார்வையில் படாததற்கு இடமும் காலமும் இரண்டுமே காரணம். சி.எஸ். சேஷாத்ரி 1989-ல் தொடங்கிய சென்னைக் கணிதவியல் கழகம், இன்று சிறுசேரியில் ஐ.டி. பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. மகனை ஆபீஸில் இறக்கிவிட வரும் மாமா அந்த வாசலைப் பலமுறை கடந்திருக்கிறார். கேன்டீன் என்று நினைத்திருக்கலாம். அங்கே சேர நுழைவுத்தேர்வு உண்டு. விண்ணப்பம் ப்ளஸ் டூ முடிவு வருமுன்னரே முடிந்துவிடும். மாமா சீசனோ அதன் பிறகுதான் ஆரம்பம்.

மாமாவின் சொந்தப் படிப்பு குறித்துக் கேட்பது மரியாதையல்ல. கேட்டால், கணிசமானோர் 80-களில் பி.எஸ்சி. மேத்ஸ் முடித்து, பி.எஸ்.ஆர்.பி. தேர்வெழுதி வங்கியில் சேர்ந்து, வீடு கட்டி ஓய்வு பெற்றவர்கள் என்று தெரியவரும். “அந்தக் காலம் வேற” என்பதோடு அந்தப் பேச்சு முடியும்.

மருமகன் நான்காண்டில் பி.இ. முடித்து, வேலை தேடி, கடைசியில் வங்கித் தேர்வுக்கான புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாலையில் மாமா மறுபடி வருவார். புத்தகத்தை வாங்கி, குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட் பகுதியைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

“இதை நல்லாப் பாரு மாப்ளே. எல்லாம் மேத்ஸ்லதான் இருக்கு.”